பட அட்டையா, டேப்லெட்டா? உப்புக் காற்றில் எது நிற்கும்?

எங்கள் மகனுக்கு ஆட்டிசம். மூன்றரை வயதாகியும் சொற்கள் வரவில்லை. அவன் தன் தேவையைச் சொல்ல எது உதவும் என்று, பாம்பனில் இருந்துகொண்டு பட அட்டை, டேப்லெட் செயலி, கைச் சைகை மூன்றையும் எடைபோட்டு அட்டைக்கு வந்து சேர்ந்தோம். படம் காட்டிப் பழக்கினால் பேச்சே வராது என்று அத்தை முதல் அக்கம்பக்கத்தார் வரை பயமுறுத்துவார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

சைகைக்குச் செலவில்லை. 'போதும்', 'இன்னும்' இரண்டுக்கும் நாங்களும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் அங்கன்வாடியில் எதிரில் இருப்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டுமே.

டேப்லெட்டின் பெருமை அதன் குரல். சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழும் உண்டு. பிள்ளை படத்தைத் தொட்டால், அடுப்படியில் நிற்கும் பாட்டிக்குத் திரும்பாமலே கேட்கும். அட்டையால் இது ஆகாது.

என்னைத் தடுத்தது பராமரிப்புதான். கடலோர ஈரமும் உப்பும் சார்ஜ் போடும் துளையை அரித்துவிடும். உறவினர் வீட்டு டேப்லெட் அப்படிப் போய், மதுரையில் பழுதுபார்த்துத் திரும்ப வாரக்கணக்கானது. நமக்கு அது ஒரு சாமான் பழுது. பேசாத பிள்ளைக்கு அத்தனை வாரமும் வாய்ப்பூட்டு. (அதில் கார்ட்டூனும் ஓடும் என்று தெரிந்தபின் 'தண்ணீர்' படத்தை எந்தப் பிள்ளை தேடும்?)

அட்டையும் தப்பாது. லேமினேஷன் ஓரம் பிரிந்து ஈரம் ஏறும். படத்தைச் சுற்றி விளிம்பு விட்டு வெட்டச் சொல்லுங்கள். அட்டையை ஆல்பத்தில் ஒட்டவைக்கும் வெல்க்ரோவில் மணல் அடைத்தால் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போதும். தொலைந்தாலும் ஜெராக்ஸ் கடையில் மறுநாளே புதிது கிடைக்கும். இணையத்துப் பொம்மைப் படம் வேண்டாம். அவன் குடிக்கும் அதே டம்ளரைப் படமெடுங்கள்.

1985-இல் அமெரிக்காவில் உருவான பெக்ஸ் (PECS) என்னும் பட அட்டைப் பரிமாற்ற முறையில், பிள்ளை அட்டையை எடுத்து நம் கையில் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் பெரியவர் இருவர் தேவை: ஒருவர் வாங்க, மற்றவர் பின்னாலிருந்து அவன் கைக்கு உதவ. விசைப்படகுக்குப் போகும் கணவர், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருந்ததால் இது கைகூடியது.

அட்டையைப் பிடிக்க இயலாத மூளை முடக்குவாதக் குழந்தைக்கும் பார்வைக் குறைவுள்ள குழந்தைக்கும் எங்கள் அனுபவத்தை அளவுகோலாக்க வேண்டாம். பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். சொற்கள் பெருகி ஆல்பம் கனத்துப்போனால் நாங்களும் டேப்லெட் வாங்கக்கூடும். அப்போதும் அது பழுதாகும் நாட்களுக்காக அட்டைகளை வைத்திருப்போம்.