8 இஞ்ச் ஆடிக்கு எந்த கரெக்டர் வளைவு?

சேலத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து என் தொலைநோக்கிக்காக நான் தேய்த்த குழியாடி 200 மி.மீ. அகலம், 1000 மி.மீ. குவியத்தூரம். குவியத்தூரம் அகலத்தைப்போல் ஐந்து மடங்கு, அதாவது எஃப்/5. கண் வைத்து நிலாவும் வியாழனும் பார்க்க இதற்குக் கரெக்டர், அதாவது ஆடியின் பிழையைத் திருத்தும் லென்ஸ், வேண்டாம். கேமராவை மாட்டியதும்தான் வம்பு. எஃப்/5 பரவளைய ஆடியில் கோமா (நடுவை விட்டு விலகும் விண்மீன் வால்போல் இழுபடும் பிழை) தொல்லை இல்லாத இடம் நடுவில் 3 மி.மீ.கூடக் கிடையாது. 14 மி.மீ. தள்ளி, கேமராவின் ஏபிஎஸ்-சி அளவு சென்சாரின் மூலையில், ஒவ்வொரு விண்மீனுக்கும் 0.1 மி.மீ. நீளத்துக்கு வால் முளைத்துவிடும்.

சிலர் ஆடியைக் கோளமாகவே விட்டுவிட்டு, பாரத்தை முழுக்க லென்ஸ் தலையில் கட்டுகிறார்கள். தேய்க்கத் தேய்க்கக் கோளம் தானாக வந்துவிடும் என்பதால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இந்த அளவு கோள ஆடியில் பிழை, நல்ல ஃபோகஸில்கூட, பச்சை ஒளியின் 1.4 அலைநீளம். கால் அலைக்குள் இருந்தால்தான் படம் தேறும். போதாததற்கு, லென்ஸ் ஃபோகஸர் குழாயில் இருந்தால் குழாயை நகர்த்தும்போதெல்லாம் ஆடிக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரம் மாறி, திருத்தமும் மாறும். கோளத்தைப் பரவளையமாக்க அதிகபட்சம் 0.4 மைக்ரான் சுரண்டினால் போதும். அதற்குச் சோம்பல்பட்டு இந்தத் தலைவலி எனக்கு வேண்டாம்.

அப்புறம் இருப்பது ஃபிராங்க் ராஸ் 1935-ல் காட்டிய வழி: பரவளைய ஆடி, குவியத்துக்கு முன்னால் இரண்டு லென்ஸ். ஒன்று குவி, ஒன்று குழி. ஒளியை வளைக்கும் பவர் ஒன்றையொன்று கிட்டத்தட்ட அடித்துக்கொள்வதால் இரண்டுக்கும் ஒரே பிகே7 கண்ணாடி போட்டாலும் நிறம் பிரியாது. மூன்று நான்கு லென்ஸ் வைத்த வைன் வகை இதைவிடச் சுத்தம். அது அடுத்த ஜென்மத்துக்கு.

என் உண்மையான இழுபறி இந்த இரண்டு லென்ஸின் நான்கு வளைவுகளில்தான். கணினியை அதன் போக்கில் விட்டால் நான்குக்கும் நான்கு ஆரம் தருகிறது. சென்சாரில் விண்மீன் விழும் புள்ளி அபாரச் சிறிது. ஆனால் ஒவ்வொரு ஆரத்துக்கும் தனி அச்சு தேய்க்க வேண்டும். மாற்றாக, ஒரு குவி முகத்துக்கும் ஒரு குழி முகத்துக்கும் ஒரே ஆரம் என்று கட்டிப்போட்டேன். இரண்டு வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்று தேய்த்தால் ஒன்று குவியும், மற்றது அதே அளவு குழியும். ஒரே வேலையில் இரண்டு முகம். மெருகு போட்டபின் ஒன்றின்மேல் ஒன்றை வைத்து சோடியம் விளக்கில் பார்த்தால் இடைவெளியில் தெரியும் ஒளி வளையங்களே, நியூட்டன் வளையங்களே, தப்பைக் காட்டிக்கொடுக்கும்.

இதற்கு விலை, புள்ளி ஏறக்குறைய இரட்டிப்பு. அப்படியும் 10 மைக்ரானுக்குள்தான். காற்றின் நடுக்கம் 2 விநாடிக் கோணம் (ஒரு பாகையில் 1800-ல் ஒரு பங்கு) இருந்தாலே 1000 மி.மீ. குவியத்தில் விண்மீன் 10 மைக்ரானுக்குப் பூசிவிடும். நான் படம் எடுக்க ஏறப்போகிற ஏற்காட்டு மலைக் காற்று என் நான்கு ஆரங்களைப் பாராட்டப்போவதில்லை.

முடிவு பண்ணியது, லென்ஸைத் தாங்கும் குழாய்க்காகப் போன லேத் பட்டறைதான். “குழாயில 0.1 மி.மீ. முன்னபின்ன இருக்கும் தம்பி” என்றார் அண்ணன். கணினியில் ஒரு லென்ஸை அவ்வளவு பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தேன். நான்கு ஆர வடிவின் செங்குத்தான வளைவுகள் உடனே கோணிக்கொண்டன. ஒரே ஆரத்தில் கட்டிப்போட்டவை கொஞ்சம்தான் முகம் சுளித்தன. 20 கொண்டை ஊசி வளைவு ஏறப்போகிற குழாய்க்கு எது ஒத்துவரும் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

ஒரு குறை மிச்சம். இந்த ஜோடி சின்னதாகக் கோளப்பிழை (ஓரத்து ஒளியும் நடு ஒளியும் ஒரே இடத்தில் குவியாதது) சேர்க்கும். ஆடியின் வடிவத்தையே சற்று மாற்றி அதை அழிக்கலாம்தான். ஆனால் கரெக்டரைக் கழற்றி வியாழனைப் பார்க்கும் இரவுகளில் அந்த ஆடி தனியாக நிற்க வேண்டுமே. ஆடியைத் தொடவில்லை.