பீரோவில் தூங்கும் பட்டும் தோலும்: போடுவதா, கொடுப்பதா, விற்பதா?

பால், தேன், பட்டு, தோல் என்று விலங்கிலிருந்து வரும் எதுவும் வேண்டாம் என்று வீகன் ஆனவர்களுக்குச் சமையலறை சீக்கிரம் பழகிவிடும். திறந்த நெய் பாட்டிலையும் பாதித் தேனையும் பக்கத்து வீட்டில் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள், விஷயம் முடிந்தது. பீரோதான் படுத்தும். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய, அல்லது அம்மா வாங்கிக் கொடுத்த பட்டுப்புடவை, தோல் செருப்பு, பெல்ட், ஹேண்ட்பேக், கம்பளி ஸ்வெட்டர், இதையெல்லாம் என்ன செய்வது?

1944-இல் இங்கிலாந்தில் தொடங்கிய வீகன் சொசைட்டியின் விளக்கமே, முடிந்தவரை, நடைமுறைக்கு ஒத்துவரும்வரை விலங்குகளைச் சுரண்டாமல் வாழ்வது என்றுதான் போகிறது. எனவே பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தால் உங்கள் பட்டத்தை யாரும் பிடுங்கிவிட மாட்டார்கள். நான் பார்க்கும் கணக்கு ஒன்றுதான்: இந்தப் பொருளை நான் வைத்துக்கொள்வதாலோ கொடுப்பதாலோ கடையில் புதிதாக ஒன்று விற்காமல் போகிறதா? குப்பையில் போட்டால் நிச்சயம் போகாது, அதனால் அந்த வழியை இப்போதே தள்ளிவிடலாம்.

முதலில் தோல். இதில் என் ஓட்டு தேயும்வரை போடுவதற்கே. அவசரப்பட்டுத் தோல் செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கப்போவது பெரும்பாலும் பி.யூ. லெதர் என்கிற செயற்கைத் தோல்தான். அது பிளாஸ்டிக், சென்னைக் காற்றின் ஈரத்துக்கு ஒருநாள் செதில் செதிலாக உரியத் தொடங்கும், உரிந்தால் தைக்கவும் முடியாது ஒட்டவும் முடியாது. தோல் செருப்புக்கு அடிப்பாகம் மாற்றித் தர இன்னும் தெருமுனையில் ஆள் இருக்கிறார். சரி, காலில் போடவே மனசு ஒப்பவில்லை என்றால், சும்மா கொடுப்பதைவிட விற்பது மேல் என்பேன். 'வீகன் ஆகிவிட்டுத் தோலை விற்றுக் காசு பார்ப்பதா' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காசு கொடுத்துப் பழைய ஷூ வாங்குகிறவர் அது தேவைப்பட்டு வருகிறவர், இது கிடைக்காவிட்டால் கடைக்குப் போயிருப்பார். இலவசமாக வாங்குகிறவரோ கிடைக்கிறதே என்று வாங்கி, அவர் வீட்டுப் பரணில் போட்டுவைக்கலாம். இண்டர்வியூவுக்கு ஷூ இல்லாத பையன் யாராவது தெரிந்தால் அது வேறு கதை, தாராளமாகக் கொடுங்கள். பெட்டிக்குள் மூடி வைப்பதுதான் மோசம், ஒரு மழைக்காலம் போதும், பூஞ்சை பூத்துவிடும்.

பட்டில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். அறுபடாத நீள இழை வேண்டும் என்பதற்காகப் புழு உள்ளே இருக்கும்போதே கூட்டை வேகவைக்கிறார்கள், ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் கூடுகள். தெரிந்த பிறகும் கட்டலாமா? கட்டலாம்தான், ஆனால் செருப்பை யாரும் கவனிப்பதில்லை, பட்டைக் கவனிக்காமல் இருப்பதில்லை. கல்யாணப் பந்தியில் 'பாயசம் வேண்டாம், பால் சேர்த்திருக்கு' என்று இலையை மறைத்த அடுத்த நொடி, எதிர்வரிசையிலிருந்து சித்தி கேட்பார்: 'ஏன்டி, கட்டியிருக்கறது மட்டும் என்ன வாழைநாரா?' பதில் சொல்ல முடியாது. (வாழைநார்ப் புடவையும் இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் அனகாபுத்தூரில் நெய்கிறார்கள், அது சித்திக்குத் தெரியாது.) பட்டு வேண்டாம் என்று அந்தக் காலத்திலேயே காஞ்சிப் பெரியவர் சொன்னதை எடுத்துவிட்டால் கொஞ்ச நேரம் அமைதி கிடைக்கும், அவ்வளவுதான்.

விற்கலாம் என்றால், பழைய பட்டுப்புடவை எடுக்கிறவர்கள் புடவையைப் பார்ப்பதே இல்லை, சரிகையைத்தான் பார்க்கிறார்கள். அசல் சரிகை என்பது பட்டு நூலில் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. ஜரிகை நல்லதா என்று உரசிப் பார்த்து எடை போட்டு ஒரு விலை சொல்வார்கள், அப்புறம் புடவையை எரித்து வெள்ளியைப் பிரிப்பார்கள். உங்களுக்குப் பணம் வரும், வெள்ளி விலை ஏறியிருக்கும்போது நன்றாகவே வரும். ஆனால் அந்தப் புடவையை யாரும் கட்டப்போவதில்லை, அதனால் யாரும் புதுப்பட்டு வாங்காமல் இருக்கப்போவதும் இல்லை. சரிகை கிழிந்து கந்தலான புடவைக்கு மட்டும் இந்த வழி சரி.

கொடுப்பதுதான் பட்டுக்கு நல்ல வழி, அதிலும் ஆள் பார்த்துக் கொடுப்பது. ஐம்பது புடவை வைத்திருக்கும் அண்ணியிடம் கொடுத்தால் ஐம்பத்தொன்று ஆகும், வேறொன்றும் நடக்காது. நிச்சயதார்த்தத்துக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் கிளம்பிக்கொண்டிருக்கும் அத்தை மகளிடம், கிளம்புவதற்கு முன்னால் கொடுத்தால் ஒரு புதுப்புடவை குறையும். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இன்னும் நல்லது: ஒரு புடவையை வெட்டினால் அக்கா தங்கை இருவருக்கும் பட்டுப்பாவாடை தைக்கலாம், தீபாவளிக்கு அவர்களுக்குக் கடையில் எடுக்க வேண்டியதில்லை. பார்டரை அப்படியே அடியில் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் டெய்லர் அதைத் துண்டு போட்டுவிடுவார்.

அம்மாவின் கூரைப்புடவையைக் கொடுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு யாரிடமும் விளக்கம் தேவையில்லை. ஆனால் பீரோவில் வைத்தால் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடக்கும் பட்டு அந்த மடிப்பிலேயே இற்றுக் கிழியும். அவ்வப்போது எடுத்து மடிப்பை மாற்றிப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், அந்துருண்டையைப் புடவைமேல் நேராகப் போடாதீர்கள்.

கம்பளியில் பெரிய யோசனை இல்லை. குளிர்ப் பிரதேசத்துக்குப் போகிறவர்களுக்குக் கொடுங்கள், நைந்துபோனது என்றால் விலங்குக் காப்பகத்தில் கேளுங்கள், குட்டிகளுக்கு விரிக்க உதவும்.

மிருதங்கம் வாசிப்பவர்கள்தான் பாவம். செருப்பு மாதிரி 'இருப்பதைத் தேயும்வரை வைத்துக்கொள்கிறேன்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது, ஏனென்றால் வாசிக்க வாசிக்கத் தோல் போகும், மாற்றும்போதெல்லாம் புதுத்தோல் வேண்டும். செயற்கைத் தோல் போட்ட மிருதங்கங்கள் இப்போது கிடைக்கின்றன. நாதம் ஒத்துவருமா என்பதை வாசிப்பவர் காதுதான் சொல்ல வேண்டும், என்றாலும் சாதகத்துக்காவது அதை முயன்று பார்க்கலாம்.

இத்தனையும் செய்து பீரோவைக் காலி பண்ணியபின் மாமியார் தீபாவளிக்கு இன்னொரு பட்டு எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். அவரிடம் ஆடித் தள்ளுபடிக்கு முன்பே சொல்லிவிடுங்கள், செப்டம்பரில் சொன்னால் ஏற்கெனவே எடுத்தாகியிருக்கும்.