லஜ்பத் நகரில் தாரி மொழி வகுப்பு

ஆப்கன் அகதிகள் பலர் வாழும் தில்லி லஜ்பத் நகரில், ஆப்கானிஸ்தானில் பேசப்படும் பாரசீக வடிவமான தாரி மொழியை அவர்களுள் ஒருவரே கற்பிக்கும் இந்த வகுப்பில், மாணவர் முடிக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் உறவினரும் நண்பர்களும் தருவதாக ஒப்புக்கொண்ட தொகை அகதிக் குழந்தைகளின் படிப்புக்குச் செல்கிறது. அகதிகளின் உரிமைகளை வகுக்கும் 1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இணையாத நிலையில், முறையான வேலை அவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே ஆசிரியருக்கும் ஊதியம் தருவதைப் பெரிதும் மதிக்கிறேன். வலமிருந்து இடமாக எழுதப்பட்டு, சொல்லில் நிற்கும் இடத்துக்கேற்ப வடிவம் மாறும் எழுத்துகள் தொடக்கத்தில் திணறவைத்தாலும், அவர் பொறுமையாக எழுதிக் காட்டுகிறார். வினைச்சொல் இறுதியில் வரும் வாக்கிய அமைப்போ தமிழருக்குப் பழகியதே. வசூலின் கணக்கை மாதந்தோறும் எழுத்தில் தந்தால், தில்லி ஆர்.கே. புரத்துத் தமிழ்க் குடும்பங்களிடம் நன்கொடையை இன்னும் உறுதியாகக் கேட்க முடியும்.