இரண்டு கட்டு வீட்டுக்குப் பாட்டு: ஒலியமைப்புச் சேவை ஒன்றின் மதிப்புரை

எங்கள் வீடு கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறது. நூற்றிருபது அடி நீளமும் இருபத்திரண்டு அடி அகலமும் கொண்ட இரண்டு கட்டு ஓட்டு வீடு. திண்ணையில் நின்று பார்த்தால் ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, தாழ்வாரம் என்று நிலைகள் ஒரே நேர்கோட்டில் திறந்து, கொல்லைக் கிணற்றடி வரை கண்ணுக்குத் தெரியும். ஆனால், கூடத்தில் வைத்த பாட்டு அடுக்களைக்கு வந்து சேரும்போது வெறும் முணுமுணுப்பாகிவிடும். அதனால் திண்ணையில் அப்பாவுக்கு ஒரு டிரான்சிஸ்டர், அடுக்களையில் அம்மாவுக்கு ஒரு கைபேசி, ரேழிக்கு மேலுள்ள மச்சில் எனக்கு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் என்று மூன்று பாட்டுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. கூடத்தில் இருக்கும் ஸ்டீரியோ அப்படியே இருக்க, மற்ற நான்கு இடங்களிலும் அதே பாட்டு வேண்டும், எந்த இடத்திலும் தனியாகக் கூட்டிக் குறைத்துக்கொள்ள முடிய வேண்டும் என்பதுதான் நான் கடையில் போய்ச் சொன்னது. கும்பகோணத்தில் உள்ள அந்தக் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. பாராட்டும் குறையும் ஒரே இடத்துக்குப் போவதால் அப்படியே விட்டுவிடுகிறேன்.

கடையில் முதலில் காட்டியது வைஃபை ஸ்பீக்கர்கள். கண்ணாடித் தடுப்புகள் போட்ட குளிரூட்டிய அறையில் அவை பிரமாதமாகப் பாடின. வீட்டுக்கு வந்து அவற்றை வைத்த அன்றே சிக்கல் தெரிந்தது. எங்கள் சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் கட்டிய ஒன்றரை அடிச் செங்கல் சுவர்கள்; கூடத்தில் இருக்கும் ரூட்டரின் அலை இரண்டு சுவர்களைக் கடந்து அடுக்களைக்குப் போவதற்குள் மெலிந்துவிடுகிறது, கொல்லைத் தாழ்வாரத்தில் அடியோடு இல்லை. இடையில் இன்னொரு ரூட்டர் வைக்கலாம் என்றார்கள், வைத்தார்கள். பாட்டு அறுபடுவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. மச்சில் மட்டும் என் பழைய ப்ளூடூத் ஸ்பீக்கரையே இதோடு இணைத்துத் தந்தார்கள், அது மற்றவற்றுக்கு ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குப் பின்தங்கியது. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அந்தக் கணக்கில் பத்து மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கர் முப்பது மில்லி நொடி தாமதமாகத்தான் காதில் விழும், அதைக் காது பொருட்படுத்துவதில்லை. அதற்கு ஐந்து மடங்கு தாமதமானால், ரேழியில் நின்று தவில் கேட்கும்போது ஒவ்வொரு அடியும் இரண்டு தடவை விழுகிறது. தனியாவர்த்தனம் வாசிப்பது ஒருவரா இருவரா என்று அப்பா கேட்டார்.

கம்பியில்லா ஸ்பீக்கர்களே கூடாது என்று சொல்லவில்லை. கான்கிரீட் தூண்களுக்கு நடுவே நான்கரை அங்குலத் தடுப்புச் சுவர் வைத்துக் கட்டிய புது வீட்டில், ஒரே வகை ஸ்பீக்கர்களாக வாங்கினால் அவை நன்றாகவே ஒத்துப் பாடும். சுவர் கிழிக்க வேண்டாம், வயர் இழுக்க வேண்டாம். எங்கள் வீட்டுக்கு அவை பொருந்தவில்லை, அதைப் பெட்டி பிரிப்பதற்கு முன்பே ஒருவர் வந்து வீட்டைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த வாரம் கடையிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்து வயர் இழுத்தார்கள். வேலை சுத்தமான வேலை: சுவர் மேல் விளிம்பை ஒட்டிப் பிவிசி பைப், உத்தரம் குறுக்கிடும் இடங்களில் மரத்தைத் துளைக்காமல் சுற்றிக் கொண்டுபோன வளைவு, எங்கும் தொங்கல் இல்லை. தவறு நடந்தது இணைப்பில். கூடத்து ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரின் இடப்பக்கத்தில் கூடத்து இடது ஸ்பீக்கரோடு அடுக்களையையும் தாழ்வாரத்தையும் சேர்த்துவிட்டார்கள். வலப்பக்கத்தில் கூடத்து வலது ஸ்பீக்கரோடு திண்ணையையும் மச்சையும் சேர்த்துவிட்டார்கள். ஓம் என்பது மின்தடையின் அளவு, அது குறையக் குறைய ஆம்ப்ளிஃபையருக்குச் சுமை கூடும். எட்டு ஓம் ஸ்பீக்கர்கள் மூன்றை இப்படி இணையாகக் கட்டினால் ஆம்ப்ளிஃபையருக்கு அது 2.67 ஓம். பெட்டியின் பின்பக்கத்திலோ நான்கு ஓமுக்குக் குறையக் கூடாது என்று அச்சிட்டிருக்கிறது. மெல்ல வைத்தவரை ஓடியது. பாதிக்கு மேல் திருப்பியதும் ‘டக்’ என்று நின்றது, மேல் மூடியில் கை வைக்க முடியாத சூடு. இதைவிட வேடிக்கையான கோளாறை அம்மாதான் கண்டுபிடித்தார். பழைய சினிமாப் பாட்டு ஒன்றில் புல்லாங்குழல் முழுக்க வலப்பக்கத் தடத்தில் பதிவாகியிருந்தது. அடுக்களைக்குப் போனது இடப்பக்கம் மட்டும். “கூடத்துல குழல் கேக்குது, இங்க வந்தா காணோம்” என்றார். ஒரே ஸ்பீக்கர் இருக்கும் அறைக்கு இரண்டு தடங்களையும் கலந்துதான் அனுப்ப வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம்.

புகார் சொன்னதும் கடைக்காரர் மூன்றாவது முறையாக அனுப்பியது ஒரு பெரியவரை. கடையில் அவர் பழுது பார்ப்பவர், திருவிழாக் காலங்களில் மைக் செட் போடுகிறவர். வந்தவர் ஸ்பீக்கரையோ ஆம்ப்ளிஃபையரையோ பார்க்கவில்லை, திண்ணையிலிருந்து கொல்லை வரை ஒரு தடவை நடந்துவிட்டு வந்து, “தம்பி, இது வீடு இல்ல, தெரு. நாலு வீதிக்கும் கூம்பு கட்டுறோமே, அந்தக் கணக்குத்தான் இதுக்கும்” என்றார். தேர் ஓடும் வீதிகளில் அரை கிலோமீட்டருக்கு ஒரே வயரில் இருபது கூம்பு ஒலிபெருக்கிகளை வரிசையாகத் தொங்கவிட்டு, ஒரே பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் பாட வைக்கும் முறையை டெல்டாவில் சிறு பிள்ளைகள்கூடப் பார்த்திருப்பார்கள். நூறு வோல்ட் லைன் என்று அதற்குப் பெயர். பங்குனித் திருவிழா தோறும் காதைப் பிளக்கும் அந்த முறையே என் வீட்டு அடுக்களையில் இதமாகப் பாடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

முறை எளியது. ஆம்ப்ளிஃபையர் தன் வெளியீட்டை ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக நூறு வோல்ட் வரை உயர்த்தி அனுப்புகிறது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பின்னால் கட்டை விரல் அளவு இன்னொரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் அதை மறுபடி இறக்கி எட்டு ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுக்கிறது. மின்வாரியம் தொலைதூரத்துக்கு மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் அனுப்பித் தெரு முனையில் இறக்குகிறதே, அதே நியாயம்தான். இதில் ஓம் கணக்கே பார்க்க வேண்டாம், எல்லா ஸ்பீக்கர்களின் வாட்டும் சேர்ந்து ஆம்ப்ளிஃபையரின் வாட்டுக்குள் அடங்கினால் போதும். சிறு டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டரை, ஐந்து, பத்து வாட் என்று தனித்தனி முனைகள் இருக்கின்றன. திண்ணைக்கு ஐந்து, அடுக்களைக்கு ஐந்து, மச்சுக்கு ஐந்து, திறந்தவெளியான கொல்லைத் தாழ்வாரத்துக்குப் பத்து என்று பெரியவர் முனைகளைத் தேர்ந்து கட்டினார். மொத்தம் 25 வாட். அதற்கு 40 வாட் மைக் செட் ஆம்ப்ளிஃபையர் ஒன்று. கூடத்திலிருந்து தாழ்வாரம் வரை வயர் 28 மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில் போக வர அதன் தடை சுமார் ஒரு ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கரை நேரடியாகக் கட்டினால் அந்த ஒரு ஓம் எட்டில் ஒரு பங்கு, ஒலியின் பலத்தைத் தின்னும். நூறு வோல்ட் லைனில் பத்து வாட் முனை ஆயிரம் ஓமாக நிற்பதால் அதே ஒரு ஓம் பொருட்டே இல்லை. இளைஞர்கள் இழுத்த வயரை மாற்றாமல் அப்படியே பயன்படுத்திக்கொண்டார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கூடத்து இரண்டு ஸ்பீக்கர்களையும் அவர் இந்த லைனில் சேர்க்கவில்லை. அவை பழையபடி ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரில் நேரடியாகவே இருக்கின்றன. அதிலிருந்து இரண்டு தடங்களையும் எடுத்துக் கலந்து மைக் செட் ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்திருக்கிறார். இந்தப் பிரிவினை மிகச் சரியானது. சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் கீழ்ச் சுருதியை முழுதாகக் கடத்துவதில்லை. மிருதங்கத்தின் தொப்பியில் விழும் கும்கி கூடத்தில் உருண்டு வருகிறது, அடுக்களையில் அது தட்டலாகச் சுருங்கிவிடுகிறது. உட்கார்ந்து கேட்பவருக்கு அது குறை. குழம்பு தாளிக்கிறவருக்குக் குறையில்லை. நாகசுர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்கு இந்த வேறுபாடும் இல்லை. அவர் 1956இல் மறைந்தார். அவருடைய இசைத்தட்டுகள் எல்லாம் ஒற்றைத் தடப் பதிவுகள், கீழ்ச் சுருதியும் குறைவு. அவை திண்ணையிலும் கூடத்திலும் ஒன்றுபோலவே கேட்கின்றன. சொல்லப்போனால், நாகசுரம் திண்ணையிலிருந்து கேட்கத்தான் நன்றாயிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. முழு ஒலியில் இந்த லைனில் உண்மையாகவே நூறு வோல்ட் அளவுக்கு அழுத்தம் ஓடும், ஈரக் கையோடு தொட்டால் அடிக்கும். வீட்டு மின் வயரோடு ஒரே பைப்பில் இதை நுழைக்கக் கூடாது, முனைகள் திறந்தும் இருக்கக் கூடாது. பெரியவர் ஒவ்வொரு இணைப்பையும் மூடிய பெட்டிக்குள் வைத்தார். இளைஞர்கள் டேப் சுற்றி விட்டிருந்த இரண்டு இடங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து போட்டதும் இரைச்சல். பாட்டு இல்லாதபோதும் வண்டு ரீங்காரம் மாதிரி ஐம்பது ஹெர்ட்ஸ் சுருதியில் ஒரு ‘ம்ம்ம்’. ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். தொலைக்காட்சிப் பெட்டிக்கு வரும் கேபிள் வயரைக் கழற்றியதும் சட்டென்று நின்றது. கேபிள்காரரின் வயர் தெருக் கம்பத்தில் ஒரு எர்த்தும், எங்கள் சுவிட்ச் போர்டில் இன்னொரு எர்த்துமாக நின்று, இரண்டுக்கும் நடுவே ஓடும் சிறு மின்னோட்டம் பாட்டில் கலந்திருக்கிறது. இடையில் தீப்பெட்டி அளவுள்ள ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போட்டுப் பிரித்தார். அதோடு மின்சாரம் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது வேறொரு உறுமல் வந்தது; எங்களுடையது பழைய சதுர அலை இன்வெர்ட்டர். அதற்கு மருந்து சைன் அலை இன்வெர்ட்டர் வாங்குவது மட்டும்தான் என்றார்; இன்னும் வாங்கவில்லை, மின்வெட்டில் பாட்டை நிறுத்திவிடுகிறோம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒலிக் குமிழ்கள். ஒவ்வொரு இடத்திலும் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் படிப்படியாக ‘டிக் டிக்’ என்று திரும்பும் குமிழ் ஒன்று. கடைசிப் படியில் அந்த இடம் மட்டும் அணைந்துவிடும், மற்ற இடங்களில் எதுவும் மாறாது. அடுக்களைக் குமிழில் இப்போதே கோதுமை மாவும் மஞ்சளும் அப்பி, எண் எழுத்துகள் தெரியவில்லை. அம்மாவுக்கு எண் தேவைப்படவுமில்லை, புறங்கையாலேயே திருப்புகிறார். கைபேசிச் செயலியில் ஒலி கூட்டச் சொல்லிக்கொடுத்து மூன்று வாரம் தோற்றவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம்தான் எங்கள் வீட்டில் காலை நேரத்துக் கடிகாரம். திருவையாறு ஆராதனையன்று பஞ்சரத்தின கீர்த்தனைகளின் நேரடி ஒலிபரப்பை ஐந்து இடங்களிலும் வைத்தோம். கோஷ்டி கானம் தொடங்கியபோது கூடத்திலிருந்து கொல்லைக்கு நடந்தேன். எந்த நிலையைத் தாண்டும்போதும் பாட்டு உடையவில்லை. அப்பாவின் டிரான்சிஸ்டர் மட்டும் பழக்கத்தில் திண்ணையில் ஓடிக்கொண்டிருந்தது, இணையம் வழியாக வந்த எங்கள் பாட்டைவிடப் பல நொடிகள் முன்னால்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இது எப்படித் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் கவலையாக இருந்தது. தாழ்வாரத்துக்குக் காகிதக் கூம்பு ஸ்பீக்கர் வேண்டாம், பிளாஸ்டிக் கூம்பு போதும் என்று பெரியவர் மாற்றிக் கொடுத்தது நல்லதாயிற்று. சாரல் அடித்தும் அது ஊறவில்லை. ஆனால் முற்றத்தை ஒட்டிய இணைப்புப் பெட்டியில் செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்து, கார்த்திகை நடுவில் அடுக்களைப் பாட்டு கரகரத்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கிரீஸ் தடவியதும் சரியானது. ஆம்ப்ளிஃபையருக்குள் எறும்பு புகாமல் அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்திருப்பது அம்மாவின் யோசனை.

செலவுக்கு வருகிறேன். கூடத்து ஸ்டீரியோ ஏற்கெனவே இருந்தது. மைக் செட் ஆம்ப்ளிஃபையர், நான்கு ஸ்பீக்கர், டிரான்ஸ்ஃபார்மர்கள், குமிழ்கள், வயர், பைப், கூலி எல்லாம் சேர்த்து 27,800 ரூபாய். முதலில் வாங்கிய வைஃபை ஸ்பீக்கர்கள் மட்டுமே இதைவிட அதிகம். அவற்றைத் திருப்பி எடுத்துக்கொண்டது கடையின் பெருந்தன்மைதான். ஆனால் “பெட்டி பிரித்த சரக்கு” என்று 3,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். பொருந்தாத பொருளை வீட்டைப் பார்க்காமலே பரிந்துரைத்தவர்கள் அவர்கள். அந்தத் தொகையை நான் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. இளைஞர்களின் தவறான இணைப்புக்கும் கூலி வாங்கினார்கள், பெரியவரின் திருத்தத்துக்கும் தனியாக வாங்கினார்கள்.

இத்தனைக்கும் பிறகு பழைய கட்டு வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கடையைப் பரிந்துரைப்பேனா என்றால், பரிந்துரைப்பேன். முதல் நாளே மைக் செட் போடும் அந்தப் பெரியவரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி, அவர் வந்து நடந்து பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். மாசியிலிருந்து சித்திரை வரை அவர் ஊர் ஊராகத் திருவிழாக்களுக்குப் போய்விடுவார், கடையில் கேட்டால் நாளை வருவார் என்றுதான் சொல்வார்கள். எங்கள் மச்சுக் குமிழ் மாசி முதல் வாரத்திலிருந்து மூன்றாவது படியில் மாட்டிக்கொண்டு திரும்பவில்லை, அவருக்காகத்தான் காத்திருக்கிறோம்.