இலவச கேமா, விலைக்கு விற்கும் கேமா?

நான் பெங்களூர் கோரமங்களாவில் இலவச மொபைல் கேம் செய்யும் ஒரு கம்பெனியில் மூன்று வருஷம் லெவல் டிசைனர், கேமின் ஒவ்வொரு கட்டத்தையும் அமைப்பதுதான் வேலை. என் ரூம்மேட் அல்சூரில் ஒரு மொட்டை மாடி அறையில் உட்கார்ந்து, ஸ்டீம் என்ற கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையில் விற்க சொந்தமாக ஒரு கேம் செய்கிறான்.

இலவச கேமில் சம்பளம் சரியாக வந்துவிடும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் ஆசையாகச் செய்த 14ஆவது லெவலை எல்லோரும் சுலபமாக ஜெயிக்கிறார்கள் என்று டேட்டா காட்டியதும், அதை முடிக்கக் கொடுத்த 22 நகர்த்தல்களை 18 ஆக்கச் சொன்னார்கள். தோற்றவுடன், காசு கொடுத்து இன்னும் ஐந்து நகர்த்தல் வாங்கச் சொல்லி 'இன்னும் ஐந்து' என்று ஒரு பச்சை பட்டன் துடிக்கும், அது எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும் என்பதற்கே இரண்டு வாரம் சோதனை! ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் காசே தருவதில்லை, தருகிற சிலரை மீட்டிங்கில் திமிங்கிலம் என்பார்கள், கேம் முழுக்க அவர்களுக்காகவே வளையும்.

விலைக்கு விற்றால் இந்தத் தொல்லை இல்லை, ஒருமுறை வாங்கியவனைச் சீண்டிப் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் ஸ்டீம் பொதுவாக 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும், அதுவும் விற்றால்தானே. நன்றாக விற்ற ஸ்டார்டியூ வேலி என்ற கேமை எரிக் பரோன் நாலு வருஷத்துக்கு மேல் தனி ஆளாகச் செய்து 2016இல் வெளியிட்டார் என்று என் ரூம்மேட் அடிக்கடி சொல்வான். சரி, அவரைப் போலவே உழைத்தும் விற்காமல் போன கேம்கள் ஸ்டீமில் குவிந்து கிடக்கின்றனவே?

என்னைக் கேட்டால் முதலில் வேலை, கையில் ஒரு வருஷ வாடகை சேர்ந்ததும் சொந்த கேம். இவன் தலைகீழாகச் செய்கிறான், இந்த மாத வாடகையும் நான்தான் கட்டினேன்.