கிங்டம் கம்: டெலிவரன்ஸ்: நெடுநாள் ஆடியவர்களுக்குத் தெரியும் பலமும் பலவீனமும்

மந்திரம் கிடையாது, டிராகன் கிடையாது. வார்ஹார்ஸ் ஸ்டூடியோஸ் 2018 பிப்ரவரியில் வெளியிட்ட இந்த கேம் 1403-ஆம் ஆண்டு பொஹீமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டுப் பகுதியில், நடக்கிறது. மன்னர் நான்காம் வென்செஸ்லாஸ் சிறையில். அவருடைய மாற்றாந்தாய் மகன் தம்பி சிகிஸ்மண்டின் படை ஸ்காலிட்ஸ் என்ற ஊரைக் கொளுத்துகிறது. அங்கிருந்து தப்பும் கொல்லன் மகன் ஹென்றிதான் நாம்.

ஹென்றிக்கு வாள் பிடிக்கவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. உஷிட்ஸ் ஊரில் இருக்கும் எழுத்தரிடம் பாடம் கேட்கும்வரை, புத்தகத்தைத் திறந்தால் சொற்களில் எழுத்துகள் இடம் மாறிக் குழம்பிக் கிடக்கும். பாடம் கேட்டபின்னும் ஒரேயடியாகத் தெளியாது. படிக்கப் படிக்கத்தான் வரிகள் கூடிவரும். ஒரு திறமை வளர்வதை இவ்வளவு கண்கூடாகக் காட்டிய கேம் அரிது. பலர் சலித்து விட்டுவிடும் அந்த மெதுவான தொடக்கம்தான் இதன் சிறந்த பகுதி.

சண்டையும் அப்படித்தான். ஐந்து திசைகளில் வெட்டலாம், நடுவில் குத்தலாம். ஒவ்வொரு வீச்சும், ஒவ்வொரு தடுப்பும் ஸ்டாமினாவை, அதாவது உடல் தெம்பை, தின்னும். அது தீர்ந்தபின் விழும் அடி நேராக உயிரைக் குறைக்கும். உயிர் குறைந்தால் ஸ்டாமினாவின் உச்சவரம்பும் இறங்கும். அதனால் முதல் காயம் பட்டதுமே சண்டை கைநழுவத் தொடங்குகிறது. புதியவர்கள் பட்டனைத் தொடர்ந்து அழுத்திச் சாவதற்கு இதுவே காரணம். ராட்டே ஊரில் கேப்டன் பெர்னார்டிடம் மரவாளோடு நிறையப் பயிற்சி எடுத்துவிட்டு ஊரைத் தாண்டுவது நல்லது.

கவசம் அடுக்கு அடுக்காக வருகிறது. உள்ளே பஞ்சு அங்கி, மேலே சங்கிலிக் கவசம், அதன் மேல் தகடு. தகடு போட்டவனிடம் வாள் வெட்டு எடுபடாது, கதாயுதம்தான் பேசும். முகமூடி உள்ள தலைக்கவசம் பார்வையைக் குறுக்கும். தகடு சத்தமிட்டுத் திருட்டு வேலையைக் கெடுக்கும். ஆடையில் ரத்தக் கறை இருந்தால் மிரட்டல் பலிக்கும், மரியாதைப் பேச்சு பலிக்காது.

இத்தனை நுணுக்கத்தையும் கெடுப்பது மாஸ்டர் ஸ்ட்ரைக். எதிரி வீசும்போது பச்சைக் கேடயக் குறி தெரிகிற கணத்தில் தடுப்பு பட்டனைத் தட்டினால் போதும், எதிரடி தானாக விழும். எதிரிகளும் இதையே செய்வதால் நாம் முந்திக்கொண்டு தாக்குவது நஷ்டம். உழைத்துக் கற்ற காம்போக்கள் (தொடர் வீச்சுகள்) கடைசி வீச்சுவரை போவதே இல்லை. முடிவில் இருவரும் எதிரெதிரே நின்று காத்திருப்பதே சண்டை ஆகிவிடுகிறது. பெர்னார்டிடம் அந்தப் பாடத்தை எவ்வளவு தள்ளிப்போடுகிறீர்களோ, அவ்வளவு நாள் சண்டை சுவைக்கும்.

பல பேர் சூழ்ந்தால் ஒரே எதிரியைக் குறிவைத்து நிற்கும் லாக்-ஆன் கேமரா தவறான ஆளைப் பிடித்துக்கொள்ளும், முதுகில் அடி விழும். பின்னால் நகர்ந்துகொண்டே எல்லோரையும் பார்வைக்குள் வைத்திருங்கள்.

பணமும் சீக்கிரம் பாரமாகிறது. செத்த கொள்ளையரின் கவசங்களைக் குதிரையில் ஏற்றி விற்றால் கேமின் நாணயமான கிரோஷன் குவியும். அதன்பின் பேரம் பேசவே காரணம் இருக்காது. சவால் வேண்டுபவர்கள் ஹார்ட்கோர் முறையில் தொடங்கலாம். அதில் ஃபாஸ்ட் டிராவல் (வரைபடத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்து உடனே அங்கே போவது) இல்லை, வரைபடத்தில் நம் இடமும் தெரியாது.

சேவ் செய்யும் முறைதான் ஓயாத சர்ச்சை. நினைத்த இடத்தில் சேவ் செய்ய சேவியர் ஷ்னாப்ஸ் என்ற மதுவைக் குடிக்க வேண்டும். வாங்கிக் கட்டுப்படியாகாது, ஒயினில் காஞ்சொறி, பெல்லடோனா என்ற மூலிகைகளைச் சேர்த்து கேமுக்குள் நீங்களே காய்ச்சுங்கள். அடுத்தடுத்துக் குடித்தால் போதை ஏறும். சொந்தப் படுக்கையிலோ வாடகைப் படுக்கையிலோ தூங்கினாலும் சேவ் ஆகும். பின்னால் வந்த பேட்ச் (திருத்த அப்டேட்) ஒன்று, வெளியேறும்போது சேவ் செய்யும் வசதியையும் தந்தது. கட்டுப்பாடு சரியானதே, தோல்விக்கு எடை கொடுக்கிறது. ஆனால் கேமின் பக் (நிரல் பிழை) ஒன்றால் புதரில் சிக்கி நகர முடியாமல் போனால் அதே கட்டுப்பாடு அநியாயமாகிவிடும்.

ராட்டே போன்ற நெரிசலான ஊர்களில் ஃப்ரேம் ரேட் சரிந்து காட்சி திக்கும்; ஆட்களின் உடைகள் தாமதமாகத் தோன்றும். எஸ்எஸ்டியில் நிறுவி, நிழல் தரத்தைக் குறைத்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

மெர்ஹோயெட் கிராமத்தில் நோய் பரவும் மிஷனை ஏற்றால் வேறு வேலைக்குப் போகாதீர்கள். நாள் கடந்தால் ஊரார் ஒவ்வொருவராகச் சாவார்கள், கேம் எச்சரிக்காது.