மூடியில் ஐ7-2600, உள்ளே ஐ5-2400: பழைய பிராசசர் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

எட்டு நாள் சம்பளம் போய்விட்டது. நேற்று இரவுதான் முழுசாக உறுதியானது. தூக்கமே வரவில்லை, விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். பழைய பொருட்களை வாங்கி விற்கும் ஒரு ஆப்பில், கணினி பாகங்கள் மட்டுமே விற்கும் ஒருவரிடம் ஐ7-2600 என்று நம்பி வாங்கிய பிராசசர், உண்மையில் ஐ5-2400. சிப்பின் மேல் இருக்கும் உலோக மூடியை மட்டும் தேய்த்து ஐ7 என்று பொறித்திருக்கிறார்கள். எப்படி ஏமாந்தேன் என்பதைச் சொல்லிவிட்டு, எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

ஏன் இவ்வளவு பழைய சிப் என்று கேட்பீர்கள். என்னிடம் இருப்பது எச்61 மதர்போர்டு, எல்ஜிஏ 1155 சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்), டிடிஆர்3 ராம். இத்தனை நாள் அதில் ஓடியது ஐ3-2100, இரண்டே கோர், அதாவது கணக்குப் போடும் பகுதி இரண்டுதான். புதிய பிராசசர் என்றால் போர்டு, ராம் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும், அதற்கு இப்போது வழியில்லை. அதே சாக்கெட்டில் நான்கு கோர் சிப் ஒன்றைப் போட்டால் இன்னும் இரண்டு வருடம் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பாட வீடியோக்களை வெட்டிச் சுருக்கித் தருவது நான் செய்யும் பகுதிநேர வேலை. நீளமான பாடம் என்றால் ராத்திரி ஓடவிட்டு காலையில் எழுந்துதான் பார்ப்பேன்.

நான்கு நாள் உட்கார்ந்து ஒப்பிட்டேன். ஐ5-2400, ஐ7-2600 இரண்டும் 2011 ஜனவரியில் வந்த இன்டெல் சாண்டி பிரிட்ஜ் தலைமுறை. இரண்டும் 32 நானோமீட்டர், 95 வாட், நான்கு கோர். ஐ5இன் வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது தானாக வேகம் கூடும் டர்போவில் 3.4. ஐ7 3.4, டர்போவில் 3.8. ஒரே கோரில் நடக்கும் வேலையில் பத்தில் ஒரு பங்கு சொச்சம்தான் வித்தியாசம், பிரவுசர் திறப்பது, கடிதம் அடிப்பது இதிலெல்லாம் எது ஐ5, எது ஐ7 என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நிஜமான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஐ7இல் ஹைப்பர் த்ரெடிங் உண்டு, ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்தில் இரண்டு வேலையை (த்ரெட்) எடுத்துக்கொள்ளும், அதனால் நான்கு கோரும் எட்டு த்ரெட்டாக வேலை செய்யும். ஐ5இல் நான்குதான். சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகமான எல்3 கேச் ஐ7இல் 8 எம்பி, ஐ5இல் 6 எம்பி. வீடியோ மாற்றும் மென்பொருள் கிடைக்கிற த்ரெட் எல்லாவற்றையும் பயன்படுத்தும், எனவே எனக்கு ஐ7தான் என்று முடிவு செய்தேன். அதே ஆப்பில் ஐ5-2400 நான்கு நாள் சம்பளத்துக்குக் கிடைத்தது. மிச்ச நான்கு நாள் சம்பளத்தை அந்த எட்டு த்ரெட்டுக்காகத்தான் கொடுத்தேன், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

விற்றவர் பேசிய விதம்தான் என்னைக் கவிழ்த்தது. நான் முதலில் கேட்டது 2600கே, அதாவது நாமே வேகத்தைக் கூட்டிக்கொள்ள (ஓவர்கிளாக்) விடும் வகை. அதுவும் தன்னிடம் இருப்பதாகச் சொன்னவர், "ப்ரோ, உங்க போர்டு எச்61தானே? அதுல கே சிப் போட்டாலும் ஓவர்கிளாக் பண்ண முடியாது. எதுக்குக் கூடக் காசு குடுக்கறீங்க, சாதா 2600 போதும்" என்றார். அது சரியான தகவல், நானும் அப்படித்தான் படித்திருந்தேன். விலை கூடியதை விற்க வாய்ப்பிருந்தும் வேண்டாம் என்கிறாரே, இவர் விஷயம் தெரிந்தவர், நேர்மையானவர் என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன். அப்புறம் அவர் சொன்ன எதையும் நான் சந்தேகப்படவே இல்லை. ஒரு தாளில் என் பெயரையும் தேதியையும் எழுதி, அதன் மேல் சிப்பை வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். விண்டோஸில் ஐ7-2600 என்று காட்டும் பக்கத்தை வீடியோ எடுத்து அனுப்பினார். கடைசியில், "ஆப்ல கமிஷன் பிடிச்சுக்குவாங்க ப்ரோ, நேரா அனுப்பிடுங்க, கூரியர் செலவு என்னோடது" என்றார். அனுப்பிவிட்டேன். எட்டு நாள் சம்பளம், ஒரே தடவையில்.

சிப் வந்தது, மாட்டினேன், கணினி உடனே எழுந்தது. இரண்டு கோரில் இருந்து நான்கு கோருக்குப் போனதால் வேகம் நன்றாகவே கூடியிருந்தது, சந்தோஷத்தில் நன்றி சொல்லி அவருக்கு ஐந்து நட்சத்திரமும் போட்டேன். இந்த மோசடி பிழைத்துக் கிடப்பதே இதனால்தான். ஐ5-2400 ஒன்றும் மோசமான சிப் இல்லை, பழைய ஐ3இல் இருந்து வருபவனுக்கு அது பெரிய முன்னேற்றமாகத்தான் தெரியும், பாதிப் பேர் கடைசிவரை பார்க்கவே மாட்டார்கள்.

மூன்றாம் நாள் ஒரு நீளமான வீடியோ ஓடிக்கொண்டிருந்தபோது சிப் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். த்ரெட்டுக்கு ஒன்றாக எட்டு கட்டம் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு. மேலே பெயர், ஐ5-2400, 3.10 கிகாஹெர்ட்ஸ். கீழே எல்3 கேச் 6.0 எம்பி. கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடனே அவருக்குச் செய்தி அனுப்பினேன். "பயாஸ் பழசு ப்ரோ, அதான் பேரைத் தப்பா காட்டுது" என்றார். பயாஸ் என்பது கணினி எழும்போது முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள். நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடுமே என்ற பயத்தோடு அதை அப்டேட் செய்தேன், அதே பெயர். "ஹைப்பர் த்ரெடிங் ஆஃப்ல இருக்கும், தேடி ஆன் பண்ணுங்க" என்றார். இரண்டு மணி நேரம் பயாஸில் ஒவ்வொரு மெனுவாகத் தேடினேன், அப்படி ஒரு வசதியே அங்கே இல்லை. இருக்கவும் இருக்காது, ஏனென்றால் சிப்பில் அது கிடையாது. சரி, த்ரெட் அணைந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், 8 எம்பி கேச் எப்படி 6 ஆகும் என்று கேட்டேன். அதற்கு ஒரு நாள் பதிலே இல்லை. அப்புறம் வந்தது, "ரெண்டும் ஒரே சிப்தான் ப்ரோ, லாக் பண்ணி வெச்சிருப்பாங்க, சாஃப்ட்வேர் போட்டுத் திறந்துக்கலாம்."

இதில் பாதி உண்மை இருப்பதுதான் கொடுமை. உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டு இரண்டுக்கும் ஒரே வடிவமைப்புதான், ஐ5 ஆக விற்கும்போது 2 எம்பி கேச்சையும் ஹைப்பர் த்ரெடிங்கையும் தொழிற்சாலையிலேயே நிரந்தரமாக முடக்கிவிடுவார்கள். ஐ3-2102 மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடிய சில சிப்களுக்குக் காசு கட்டி மென்பொருளால் திறக்கும் ஏற்பாடு அந்தக் காலத்தில் இருந்தது, அதுவும் எப்போதோ நின்றுபோனது. ஐ5-2400 அந்தப் பட்டியலிலேயே இல்லை. இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். அதற்கு அவர் பதில்: "மூடியில என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, நான் குடுத்தது அதுதான். நீங்க வேற சிப்பை மாத்தி வெச்சுட்டுப் பேசறீங்களோ என்னவோ." அத்தோடு என்னை பிளாக் செய்துவிட்டார். காசையும் பிடுங்கிக்கொண்டு என்னையே திருடன் ஆக்கிவிட்டார்.

நேற்று இரவு சிப்பைக் கழற்றி தெர்மல் பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்துப் பார்த்தேன். ஐ7-2600, 3.40 கிகாஹெர்ட்ஸ், ஐ7-2600க்கே உரிய எஸ்ஆர்00பி குறியீடு, எல்லாம் ஒழுங்காகப் பொறித்திருக்கிறது. ஆனால் டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தால், மூடி முழுக்க ஒரே திசையில் மெல்லிய கீறல்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. அந்த மூடி செம்பு, மேலே நிக்கல் பூச்சு. ஒரு மூலையில் பூச்சு போய் சிவப்பாகச் செம்பு தெரிகிறது. நகத்தால் வருடினால் எழுத்துகள் தட்டுப்படுகின்றன, என் பழைய ஐ3இல் அப்படித் தட்டவில்லை. அவர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அதே மூலையில் அதே சிவப்பு. வாங்கும் முன்பே என் கண் முன்னால் இருந்திருக்கிறது.

ஆப்பில் புகார் கொடுத்தால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் எதுவும் செய்ய முடியாது என்று ஒரே வரி. மறுபடி எழுதினேன், அதே வரியை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று மூடிவிட்டார்கள். எது தீர்ந்தது? என் எட்டு நாள் சம்பளம் எங்கே? அவருக்கு நான் போட்ட ஐந்து நட்சத்திரத்தைக்கூட இனி மாற்ற முடியாதாம்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், மன்னியுங்கள், இப்போது அதற்குத் தெம்பில்லை. மூடியில் இருப்பதை நம்பாதீர்கள். விண்டோஸ் பக்கத்தின் வீடியோவையும் நம்பாதீர்கள், அங்கே வரும் பெயரை விண்டோஸின் உள் அமைப்புப் பதிவான ரெஜிஸ்ட்ரியில் மாற்றி எழுதலாம், கணினியை மறுபடி ஆன் செய்யும்வரை அதையே காட்டும். கணினி எழும்போது பயாஸுக்குள் போய்ப் பெயரையும், பிறகு சிப்பின் விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் த்ரெட் எண்ணிக்கையையும் எல்3 கேச்சையும், எங்கும் நிறுத்தாமல் ஒரே வீடியோவாகக் கேளுங்கள். 8 த்ரெட், 8 எம்பி இருந்தால் மட்டும் பேசுங்கள். ஆப்புக்கு வெளியே காசு அனுப்பவே அனுப்பாதீர்கள். வந்த அன்றே சோதியுங்கள், அதுவரை நட்சத்திரம் போடாதீர்கள்.

இதை எழுதும்போதே அந்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். வேறொரு பெயரில் புது விளம்பரம், ஐ7-2600, அதே படம். என் பெயர் எழுதிய தாளை மட்டும் வெட்டியிருக்கிறார், மூலையில் அந்தச் சிவப்பு அப்படியே இருக்கிறது. அந்தச் சிப் இங்கே என் மேசை மேல் கிடக்கிறது. யாராவது அந்த விளம்பரத்துக்கு ஏற்கெனவே செய்தி அனுப்பியிருந்தால் தயவுசெய்து காசு அனுப்பாதீர்கள்.